சலவை மூட்டையில் வந்த நோட்டு

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகத்தான் தொடங்கியது. மலாக்காத் தமிழர்களுக்கென்று நடக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் ஒரு நிர்வாகி. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். காலையில் பூங்கொத்துப் படம் வரும், மாலையில் விளக்குப் படம் வரும். நடுவில் யாராவது ஒரு நல்ல விஷயத்தை எழுதினால் அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் நிற்கும். குழுவில் பேச்சு உயிரோடு இருக்க என்ன செய்யலாம், ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று மற்ற நிர்வாகிகள் கேட்டார்கள். ஏழு யோசனைகள் எழுதினேன். எட்டாவதை எழுதும்போது ஏழும் உதவாது என்று தெரிந்துவிட்டது. அவற்றில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் அவற்றைப் படித்து முடிக்கும் எவருக்கும் அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

அதே வாரம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், பழைய வேட்டி ஒன்றின் ஓரத்தில் கறுப்பாக ஒரு குறியைப் பார்த்தேன். ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு புள்ளி. சலவைக் குறி. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று மாறிப்போகாமலிருக்க டோபி போடுவது. எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. பெயர் இல்லாமல், முகவரி இல்லாமல் ஒரு வீட்டை அடையாளம் சொல்லும் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் வேட்டி வேண்டுமா என்று கேட்டார்.

மற்றதெல்லாம் கற்பனை. இதில் வருவதுபோல் வீடு வீடாக ஒரு நோட்டுப் புத்தகம் மலாக்காவில் சுற்றியதற்கு என்னிடம் சான்று கிடையாது. நான் தேடவும் இல்லை.

2

முதல் தொடக்கம்:

"1957 ஆகஸ்டு மாதம். ஒரு நாடு பிறக்கப்போகும் அந்த மகத்தான

[வேண்டாம். தலையங்கம் எழுதுகிறவர்கள் இதைப் போதுமான அளவு செய்துவிட்டார்கள்.]

இரண்டாவது:

"கமலவேணி தனிமையில் வாடும் பெண்."

[அவளைக் கேட்டால் இல்லை என்பாள். வீட்டில் கணவர் இருக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கம் இருக்கிறது. அவளுக்குக் குறை வேறு.]

மூன்றாவது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நோட்டு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. கமலவேணி சலவை மூட்டையைப் பிரித்தாள். கணவர் ஜெயபாலனின் கஞ்சி போட்ட சட்டைகளுக்கு நடுவிலிருந்து நோட்டை உருவி, நின்றபடியே புரட்டினாள். பெண்கள் படிப்பைப் பற்றி அவள் ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழே எட்டு வீடுகளின் பதில் இருந்தது.

நன்று.
நன்று.
மிக நன்று.
படித்தோம்.
நன்று.
மேலே உள்ளவர்கள் சொன்னதேதான்.
நன்று.

எட்டாவது வீடு எதுவும் எழுதவில்லை. குறி மட்டும் போட்டிருந்தது. ஒரு கோடு, இரண்டு புள்ளி.

3

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மலாக்காவின் காஜா பெராங் பகுதி வாசகர் வட்டத்தில் ஒன்பது வீடுகள். எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது நடக்கிற காரியமில்லை. ஆண்களுக்கு வேலை, பெண்களுக்கு வீடு. அதனால் ஒரு நோட்டு ஒரு வீட்டில் ஒரு நாள் என்று சுற்றும். கமலவேணி தொடங்கி எழுதுவாள், எட்டு வீடும் அதன்கீழ் பதில் எழுதும், பிறகு அவளிடமே திரும்பும். சுமந்து போவது ஒன்பது வீட்டுக்கும் துணி வெளுக்கும் பூங்காவனம். தினமும் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவாள்.

பெயர் போட்டால் வம்பு என்று ஆரம்பத்திலேயே முடிவாகிவிட்டது. இன்னார் வீட்டு மருமகள் இப்படி எழுதினாளாம் என்று பேச்சு கிளம்பும். ஆகவே ஒவ்வொரு வீடும் தன் சலவைக் குறியைப் போட்டால் போதும் என்றானது. ஒரு குறிக்குப் பின்னால் மாமியாரும் இருக்கலாம், மருமகனும் இருக்கலாம். எந்தக் குறி எந்த வீடு என்பது பூங்காவனத்துக்கு மட்டும் தெரியும்.*

* ஒரு குறியைத் தவிர. வட்டத்துக்குள் கோடு என்றால் வாசகர் வட்டத்தின் தலைவர் கணேசமூர்த்தி என்று எல்லாருக்கும் தெரியும். ரப்பர் வியாபார நிறுவனம் ஒன்றில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேல். மனைவி இறந்து இரண்டு வருடம். நோட்டு எப்போதும் அவர் வீட்டுக்குத்தான் முதலில் போகும். யாரும் அப்படி விதி போடவில்லை. தலைவருக்கு முதலில் என்று பூங்காவனம் மூட்டையின் மேலே வைப்பாள், அதுவே வழக்கமாகிவிட்டது.

கமலவேணி கல்யாணத்துக்கு முன் செங்கில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நாற்பது பிள்ளைகள் நாளெல்லாம் கேள்வி கேட்டார்கள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு அவளிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று, சாப்பிடலாமா என்பது. ஜெயபாலன் கெட்டவர் இல்லை. பஸ் கம்பெனியில் வேலை. விடியுமுன் போய் இருட்டிய பிறகு வருகிறவருக்கு அதற்குமேல் கேட்கத் தெம்பில்லை. இரண்டு வருடமாக அவள் சொன்னதற்கு யாராவது பதில் சொல்லும் இடம் அந்த நோட்டுதான்.

ஜூலை நடுவில் கணேசமூர்த்தி நோட்டிலேயே எழுதிவிட்டார். 'பயனுள்ள கருத்துகள் வருவதில்லை. செப்டம்பர் முதல் இதை அறிவிப்பு நோட்டாக மாற்றுவோம். கூட்டத் தேதி, துக்கச் செய்தி, திருமணச் செய்தி மட்டும்.' கீழே ஆறு வீடு நன்று என்று எழுதியிருந்தன, ஒன்று குறி மட்டும் போட்டிருந்தது.

ஆக, மிச்சமிருப்பது ஒரு சுற்று.

4

முதல் வரைவில் பூங்காவனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. தனக்குப் புரியாத ஒன்றைச் சுமந்து திரியும் பெண் என்று ஒரு நல்ல வாக்கியம்கூடக் கிடைத்தது. பிறகு யோசித்தேன். நூற்றுக்கணக்கான துணிகளில் ஒன்றுகூட வீடு மாறாமல் பார்த்துக்கொள்கிறவளுக்கு எழுத்து தெரியாது என்று நான் எதை வைத்து முடிவுசெய்தேன்? அந்த வாக்கியத்தை அடித்தேன். பூங்காவனம் நாலாவது வரை படித்தவள். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் வழியில் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் படிப்பவள். கமலவேணியைவிட நாலைந்து வயது மூத்தவள். வாய் சும்மா இருக்காது.

"இந்தத் தடவயும் நன்றுதானா டீச்சர்?" என்று அழுக்குத் துணியை எண்ணிக்கொண்டே கேட்டாள்.

கமலவேணி நோட்டை மூடி, சனங்களுக்குச் சிந்திக்கவே சோம்பல் என்றாள்.

"யாரு சொன்னா? ஆறாவது வீட்ல போன வாரம் அர மணி நேரம் சண்ட. நான் துணியக் குடுத்துட்டு அங்கயே நின்னுட்டேன். மெர்டேக்கா அன்னிக்கு வீட்ல விசேஷமா சமைக்கிறதா, இல்ல எப்பவும்போலவான்னு. கெழவரு கஞ்சிங்கிறாரு, மருமக பாயசங்கிறா."

"அத ஏங்க்கா எழுதல?"

"நீங்க கேக்கலயே."

பூங்காவனம் ஒரு சட்டையை உதறி, காலரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். நீங்க எழுதுறது நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் நீங்களே சொல்லி முடிச்சிடுறீங்க. மேல தலைவரு வேற முத்திரை குத்திடுறாரு. அப்புறம் அவங்களுக்கு என்னா மிச்சம்? நல்லாருக்குன்னுதான் எழுதணும்."

[இந்த இடத்தில் கமலவேணிக்கு ஞானம் வந்தது என்று எழுதியிருந்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. பூங்காவனம் போன பிறகு ஆறு பக்கத்தையும் மறுபடி படித்தாள். அதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. கோபம் அதற்குப் பிறகுதான் இறங்கியது.]

5

ஆகஸ்டு பன்னிரண்டு, திங்கட்கிழமை. மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் பெறும் நாளுக்கு, இன்னும் பத்தொன்பது நாள். கமலவேணி நோட்டில் ஒரே வரி எழுதினாள்.

'ஆகஸ்டு முப்பத்தொன்றாம் தேதி உங்கள் வீட்டில் என்ன சமையல்? எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.'

இரண்டாவது வாக்கியம் உண்மை. ஜெயபாலனிடம் அவள் கேட்டிருந்தாள். அன்று பஸ் ஓடுமா ஓடாதா என்பதே தெரியவில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

நோட்டைக் கொடுக்கும்போது, இந்த முறை கடைசி வீட்டிலிருந்து தொடங்கும்படி பூங்காவனத்திடம் சொன்னாள். பூங்காவனம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள்.

"கடைசி வீடா? சீதாக்கா வீடு. கம்போங்ல, அவங்க ஆளுங்க கிராமத்துல. அவங்க மலாக்கா செட்டிங்க டீச்சர், நமக்கு முன்னாடி எப்பவோ இங்க வந்தவங்க, வீட்ல பேசுறதெல்லாம் மலாய்தான். கோயிலுக்கு நம்மளவிட முன்னாடி போவாங்க, ஆனா தமிழ் எழுத வராது. அதான் குறி மட்டும் போடுறாங்க."

கமலவேணிக்கு அது அன்றுதான் தெரியும். தமிழ் தெரியாத ஒரு வீடு இரண்டு வருடமாக நோட்டை வாங்கி, ஒரு நாள் வைத்திருந்து, குறி போட்டுத் திருப்பியிருக்கிறது. யாரும் அவர்களை விலக்கவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

"அங்கேருந்தே தொடங்குங்க" என்றாள்.

6

புதன்கிழமை மாலை கணேசமூர்த்தி வந்தார். நான் இவரை வில்லனாக வைத்து ஒரு பக்கம் எழுதி, பிறகு கைவிட்டேன். வட்டத்தைத் தொடங்கியவர் அவர்தான். நோட்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, இரண்டிலும் மடிப்புக் கலையாமல் வாசலில் நின்றார். கமலவேணி நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவந்தாள்.

"தங்கச்சி, திங்கக்கிழமை நோட்டு வரலயே."

"இந்தத் தடவ அந்தப் பக்கத்துலேர்ந்து அனுப்பிட்டேங்கண்ணே. கடைசி வீட்லேர்ந்து."

"குறி மட்டும் போடுமே, அந்த வீடா? அவங்க என்னம்மா எழுதுவாங்க?"

"தெரியலண்ணே. அதனாலதான் அனுப்புனேன்."

அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "அப்ப நான் கடைசி."

"நீங்க முதல்ல எழுதுனா மத்தவங்க அதுக்குக் கீழ ஆமாம் போடுறாங்க. நான் ஆறு பக்கம் எழுதுனாலும் அதேதான். நாம ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருந்து பாப்போம்ண்ணே."

தன்னையும் சேர்த்துச் சொன்னதால் அவரால் கோபப்பட முடியவில்லை. ஆனால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கடைசிச் சுத்துதானே. உன் இஷ்டம். எனக்கு வரும்போது பாத்துச் சொல்றேன்."

அவர் போன பிறகு கமலவேணி மிச்சக் காப்பியைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினாள். அறிவிப்பு நோட்டு ஆனால் அதில் அவளுக்கு எழுத என்ன இருக்கும்? அவள் வீட்டில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை, திருமணமும் இல்லை.

7

அடுத்த பத்து நாளும் கமலவேணிக்குத் தெரிந்தது பூங்காவனம் போகிற போக்கில் சொன்னது மட்டும்தான். சீதா நோட்டை இரண்டு நாள் வைத்திருந்தாளாம். மேலே பார்த்து எழுத எதுவும் இல்லாததால் திகைத்துப்போய், கேள்வியை மலாயில் சொல்லச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு தான் சொல்லச் சொல்ல பூங்காவனத்தையே எழுதச் சொன்னாளாம். மற்ற வீடுகளைப் பற்றிக் கேட்டால், வரும்போது படித்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே பூங்காவனம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

நோட்டு வந்தபோது கமலவேணி படித்ததை அப்படியே தருகிறேன்.

ஒரு கோடு, இரண்டு புள்ளி, பூங்காவனத்தின் கையெழுத்தில்: 'ஹாரி இத்து சாயா மாசாக் நாசி லெமாக். சியாபா மாவு டத்தாங், டத்தாங்லா.'*

* மலாய்தான், தமிழ் எழுத்தில். அன்றைக்கு நான் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சமைக்கிறேன், யார் வர விரும்பினாலும் வரலாம்.

மூன்று புள்ளி: 'நெத்திலிச் சம்பல் உண்டா? உண்டென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.'

பெருக்கல் குறி: 'எங்கள் வீட்டில் அன்றும் கஞ்சிதான். கொடி மாறினால் பானை மாறுமா?'

அதே குறி, வேறு கையெழுத்து: 'பாயசம் உண்டு.'

அதே குறி, முதல் கையெழுத்து: 'இல்லை.'

அதே குறி, இரண்டாவது கையெழுத்து: 'உண்டு. சேமியா வாங்கியாகிவிட்டது.'

பிறை: 'நாங்கள் அன்று கப்பலில் இருப்போம். இருபத்தெட்டாம் தேதி ஏறுகிறோம். நாகப்பட்டினத்தில் இவருக்கு உறவு உண்டு. எனக்கு யாரையும் தெரியாது. கப்பலில் என்ன சாப்பாடு போடுவார்களோ தெரியவில்லை.'

[கமலவேணி இங்கே பழைய பக்கங்களைப் புரட்டி அந்தக் குறியைத் தேடினாள். இரண்டு வருடமாக நன்று என்று எழுதிய வீடு அது. நானும் இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, எங்கள் குழுவில் தினமும் பூங்கொத்து அனுப்பும் ஒருவரை நினைத்துக்கொண்டேன். அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?]

இரட்டைக் கோடு: 'கப்பல் சோற்றை வாயில் வைக்க முடியாது. எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் தருகிறேன். பூங்காவனத்திடம் கொடுத்தனுப்பவா, நேரில் கொண்டுவரவா?'

கட்டம்: 'ஏன் போகிறீர்கள் என்று கேட்கலாமா? கேட்கக் கூடாதென்றால் இந்த வரியை அடித்துவிடுங்கள்.'

வரி அடிக்கப்படவில்லை. நோட்டு திரும்பிப் பிறை வீட்டுக்குப் போகவில்லை என்பதும் ஒரு காரணம்.

கொக்கி: 'முப்பத்தொன்று வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பிறை வீட்டார் இங்கே இருக்கும்போதே சாப்பிடலாமே. இருபத்தைந்து ஞாயிற்றுக்கிழமை. நாசி லெமாக் வீட்டாருக்குச் சம்மதமென்றால்.'

ஓரத்தில், பென்சிலில், பூங்காவனம்: 'கேட்டேன். போலே என்றார்கள்.'

போலே என்றால் முடியும், ஆகட்டும்.

8

இனி நோட்டு கணேசமூர்த்தியிடம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம். அதோடு நோட்டும் முடிகிறது.

ஒரு முடிவில் அவர் 'இது சமையல் குறிப்பு நோட்டு அல்ல' என்று எழுதுகிறார். எழுதிப் பார்த்தேன். அவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம். ஆனால் ஒன்பது நாள் பேச்சை முழுதாகப் படித்த பிறகும் ஒருவர் அப்படியே இருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு முடிவில் அவர் மனம் மாறி, கமலவேணியைப் பாராட்டி, வட்டத்தின் பொறுப்பையே அவளிடம் ஒப்படைக்கிறார். படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். அவர்களும் நன்று என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அதனால் வேண்டாம்.

நடந்ததாக நான் வைத்துக்கொள்வது இது.

அவர் நோட்டை இரண்டு நாள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு இருபத்துமூன்று, பூங்காவனம் அதைக் கொண்டுவந்து கமலவேணியின் கையிலேயே கொடுத்தாள். மூட்டைக்குள் வைக்கவில்லை. வட்டத்துக்குள் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் முதலில் 'நன்று' என்று எழுதி அடித்திருந்தார். பிறகு அழகான கிராணிக் கையெழுத்தில்:

'என் வீட்டில் அடுப்பு எரிந்து இரண்டு வருடமாகிறது. கடைச் சாப்பாடுதான். ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?'

கமலவேணி அதை மூன்று முறை படித்தாள். இரண்டு வருடமாக அவர்தான் முதலில் எழுதினார், நாட்டைப் பற்றி, மொழியைப் பற்றி, சீர்திருத்தத்தைப் பற்றி. அவரையும் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவள் உட்பட.

அறிவிப்பு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேள்வியில் முடிந்திருந்தது. கேட்டவருக்குப் பதில் போக வேண்டுமென்றால் இன்னொரு நோட்டு வேண்டும்.

"வழி கேட்டாரு டீச்சர்" என்றாள் பூங்காவனம். "ஒரு கோடு ரெண்டு புள்ளி வீடு எங்க இருக்குன்னு. நான் சொல்லல. சீதாக்காவக் கேட்டுட்டு சொல்றேன்னுட்டேன். நாம பாட்டுக்குச் சொல்லிட முடியுமா?"

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அவருக்கு உறைப்பு ஆகுமான்னு கேக்கறாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

9

இங்கே முடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விருந்தை எழுதுவதற்கும் எனக்கு ஆசைதான். ஒன்பது குறிகளுக்கும் ஒரே நாளில் முகம் முளைப்பதை, கஞ்சிக் கிழவரும் பாயச மருமகளும் ஒன்றாக வந்து இறங்குவதை, பிறை வீட்டுப் பெண்ணின் மடியில் ஊறுகாய்ப் போத்தல் இருப்பதை. ஆனால் எத்தனை பேர் வந்தார்கள், யார் கடைசி நிமிடத்தில் கூசிப்போய் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதினால் அது மறுபடியும் ஆறு பக்கம் ஆகிவிடும்.

எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி அந்த வெள்ளிக்கிழமைதான்.

கமலவேணி உள்ளே போய், ஒரு புது நோட்டு எடுத்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது வாங்கி, எழுத எடுக்காமல் வைத்திருந்தது. மையைத் தொட்டு முதல் பக்கத்தில் தொடங்கப் போனவள் பேனாவை நிறுத்தினாள். நோட்டைப் பூங்காவனத்தின் பக்கம் திருப்பினாள்.

"உங்க வீட்ல என்னக்கா சமையல்?"

பூங்காவனம் துணி எண்ணுவதை விட்டாள். "எங்க வீட்லயா?"

"ஆமா. நீங்கதான் முதல்ல."

"எனக்குக் குறி கிடையாதே டீச்சர். என் துணிய நான்தானே வெளுக்கிறேன். அதுக்கு எதுக்குக் குறி?"

கமலவேணி பேனாவை அவளிடம் நீட்டினாள். பூங்காவனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருடமாக ஒன்பது வீட்டுப் பேச்சையும் சைக்கிளில் தள்ளியவள், வாய் ஓயாதவள், அந்த வெள்ளைப் பக்கத்தை ஒரு தடவை நீவிவிட்டாள். பிறகு குனிந்து ஒரு குறியைப் போட்டாள். அதற்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

அவள் எழுதியது:

[                                        ]

இந்த இடத்தை நான் பல நாள் நிரப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது என் சமையலாகவே இருந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

நிர்வாகிகள் கேட்ட ஒரு பக்கத்துக்குப் பதிலாக இதைத்தான் குழுவில் போடப்போகிறேன். நீளமாகிவிட்டது, மன்னிக்கவும். கட்டைவிரல் வேண்டாம். நாளை உங்கள் வீட்டில் என்ன சமையல்? எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.